முதலில் பாட்டுப் போடுகிறவருக்கும் பெயர் உண்டு

வேலூர்ப் பக்கத்தில் டிஜே வேலை என்பது ஒரே வேலை அன்று. சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் உள்ள மண்டபங்களில் நடக்கும் திருமண வரவேற்பு, கல்லூரிகளின் கலைவிழா, ஏலகிரி மலையில் உள்ள விடுதிகளின் புத்தாண்டுக் கொண்டாட்டம், ஆடி மாதத்து அம்மன் திருவிழா, காதணி விழா என்று, பாட்டுகளைக் கலக்கும் அதே கன்ட்ரோலர் கருவியையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு முற்றிலும் வேறுபட்ட கூட்டங்களின் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றுதான். எங்களுக்குள் மட்டும் ஓர் ஏணி இருக்கிறது. சொந்தமாக டிராக் செய்து வெளியிடுகிறவர் உச்சியில் நிற்பார்; சென்னை, பெங்களூரு கிளப்புகளில் இடம் பிடித்தவர் அவருக்கு அடுத்த படியில்; கல்லூரி விழாக்களில் இசைப்பவர் அதற்குக் கீழே; வரவேற்புகளில் சினிமாப் பாட்டுப் போடுகிறவர் இன்னும் கீழே; இவை எதிலும் சேர்க்கப்படாமல் தரையில் நிற்பவர் மைக் செட்காரர்.

இந்த ஏணியின் பல படிகளில் நான் நின்றிருக்கிறேன். எந்தப் படியில் நின்றபோது யார் என்னிடம் எப்படிப் பேசினார்கள், எப்போது என் பெயர் சொல்லப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. குடியாத்தம், ஆற்காடு, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் முதலில் கேட்பது கருவிகளைப் பற்றி. அடுத்துக் கேட்பது, எப்படிப் பெயர் வாங்குவது என்று. கருவியைப் பற்றிச் சொல்ல ஆயிரம் வீடியோக்கள் இருக்கின்றன. பெயரைப் பற்றி நான் நம்புவது இதுதான்: நம் தொழிலில் அங்கீகாரம் என்பது பெரும்பாலும் நாமே ஒருவருக்கொருவர் கொடுப்பது அல்லது கொடுக்க மறுப்பது, அதைக் கொடுக்கும் வழக்கம் உள்ள இடத்தில்தான் நல்ல டிஜேக்கள் உருவாகிறார்கள்.

என் அப்பா குடியாத்தத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். ஆம்ப்ளிபையர், குழாய் ஸ்பீக்கர், சீரியல் செட், ஒரு பெட்டி நிறைய கேசட் என்பதுதான் கடை. ஊரே கூடும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயத்தில் அவர் வீட்டுக்கு வருவதே அரிது. விடியற்காலையில் பக்திப் பாட்டு, பெண் அழைப்புக்கு ஒரு வரிசை, பந்தி நடக்கும்போது பேச்சுக்கு இடையூறு இல்லாத மெல்லிசை, பெரியவர்கள் ஆசீர்வதிக்க மேடையேறும்போது ஒலியைக் கையால் மெல்ல இறக்குவது, இளைஞர்கள் கூடியபின் குத்துப்பாட்டு என்று அவர் ஒரு நாளை முழுக்கப் பாட்டால் நடத்துவார். எந்தப் பாட்டு எப்போது, எவ்வளவு சத்தத்தில், அதற்கு அடுத்து எது என்ற முடிவை அவர் கூட்டத்தின் முகத்தைப் பார்த்தே எடுத்தார். டிஜே செய்யும் வேலையின் உயிர் அதுதான் என்பதை நான் பிறகு வெளியூர்க் கலைஞர்களின் பேட்டிகளைக் கேட்டபோது புரிந்துகொண்டேன். ஆனால் அவரை யாரும் கலைஞர் என்று சொன்னதில்லை, “மைக் செட்டு வந்துடுச்சா?” என்றுதான் கேட்பார்கள்.

எங்கள் வட்டத்தில் ஒருவரைத் தாழ்த்திப் பேச இன்றும் “அவன் மைக் செட்டு ஆளு” என்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் இந்தக் கலையின் வரலாறே அதற்கு எதிராக இருக்கிறது. ஜமைக்காவில் தெருவில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கிப் பாட்டுப் போட்டவர்கள், நம் ஊர் மைக் செட்காரர்களைப் போன்றே வாடகைக்கும் விழாவுக்கும் ஓடியவர்கள்தாம். அந்தத் தீவின் தலைநகரான கிங்ஸ்டனில் பிறந்து சிறுவனாக நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த கிளைவ் காம்ப்பெல் என்கிற டிஜே கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸ் பகுதியின் 1520, செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பில் தன் தங்கைக்காக நடத்திய விருந்தைத்தான் ஹிப்-ஹாப் இசை பிறந்த நிகழ்வாக இன்று கொண்டாடுகிறார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஆட ஏற்ற தாளப்பகுதியை மட்டும் மாறி மாறி நீட்டியவர் அவர். ஒலிபெருக்கிக்காரர்களின் மரபிலிருந்து ஒரு கலை வந்திருக்கும்போது, நம் ஒலிபெருக்கிக்காரர்களை மட்டும் நாம் ஏன் வாசலிலேயே நிறுத்த வேண்டும்?

அப்பாவின் நண்பர் ஒருவர், அவரும் மைக் செட் வைத்திருந்தவர், நான் தொடக்க காலத்தில் இசைத்த ஒரு வரவேற்புக்கு வந்திருந்தார். அப்போது அரை நிமிடத்துக்கு ஒரு பாட்டை மாற்றுவது பெரிய திறமையாகக் கருதப்பட்டது. எல்லோரும் அப்படித்தான் செய்தோம். அவர் அருகில் வந்து, “இன்னா தம்பி, ஜனம் ஆடினுகீது, பாட்டைப் பாதியில அறுக்கிறியே? கால் தரையில வெச்சப்புறம் மாத்து” என்றார். பாட்டு மாறும் இடம் கருவியில் இல்லை, ஆடுகிறவரின் உடம்பில் இருக்கிறது என்பதை அதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொல்லவில்லை. நடனப் பாட்டை எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு அடிகள் கொண்ட தொகுதிகளாகப் பார்த்து, தொகுதி முடியும் இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும் என்று உலகத்தின் எல்லா டிஜே பாடங்களும் சொல்வது இதையேதான்.

இரண்டாவது சண்டை கருவிகளைப் பற்றியது. இசைத்தட்டில் இசைக்கிறவர்தான் உண்மையான டிஜே என்பார் ஒருவர். குறுவட்டில் இசைக்கும் சிடிஜே கருவி வைத்திருப்பவர், லேப்டாப்போடு இணைக்கும் கன்ட்ரோலர் வைத்திருப்பவரை ஏளனமாகப் பார்ப்பார். இரண்டு பாட்டுகளின் தாளத்தைத் தானாகவே சேர்த்துவிடும் சின்க் பொத்தானை அழுத்துகிறவரை எல்லோரும் சேர்ந்து ஏளனமாகப் பார்ப்பார்கள். டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலி 1972-இல் வந்தது. வேகத்தைச் சீராகக் கூட்டவும் குறைக்கவும் நெம்புகோல் வைத்த அதன் இரண்டாம் வடிவம் 1979-இல் வந்தபின் உலகெங்கும் கிளப்புகளில் அதுவே நிலைத்தது. பயனியரின் சிடிஜே-1000 கருவி 2001-இல் வந்தபோது, குறுவட்டில் இசைப்பது ஏமாற்று என்று சொன்னவர்கள் இருந்தார்கள். 2012-இல் சிடிஜே-2000 நெக்ஸஸில் சின்க் பொத்தான் வந்தபோது, அதே குறுவட்டில் வளர்ந்தவர்கள் அதே குற்றச்சாட்டைச் சொன்னார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தான் கஷ்டப்பட்டுக் கற்றதையே தகுதியின் அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. அந்த அளவுகோலுக்குப் பின்னால் இருப்பது உழைப்பு என்பதால் அதை நான் மதிக்கிறேன், ஆனால் அடுத்தவரை அளக்க அது போதாது.

அதே சமயம், காதால் கேட்டு இரண்டு பாட்டுகளின் தாளத்தைச் சேர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன். காரணம் கௌரவம் அன்று. நம் ஊர்ப் பாட்டுகளில் சின்க் பல இடங்களில் வேலை செய்யாது. கணினியில் செய்யப்பட்ட ஹவுஸ், டெக்னோ போன்ற நடன இசைப் பாட்டுகளின் வேகம் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு நூலிழைகூட மாறாது, அதனால் மென்பொருள் போடும் தாளக்கட்டம் சரியாகப் பொருந்திவிடும். பழைய தமிழ்ச் சினிமாப் பாட்டுகளோ, முழு இசைக்குழுவும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை; சரணத்தில் சற்று நிதானித்து, பல்லவிக்குத் திரும்பும்போது சற்று முந்தும். முதல் சில அடிகளில் பொருந்திய கட்டம் ஒரு நிமிடத்தில் விலகிவிடும். அந்த நேரத்தில் ஹெட்போனில் கேட்டுக் கையால் வேகத்தைத் தள்ளவும் இழுக்கவும் தெரிந்தவர்தான் மேடையைக் காப்பாற்றுவார்.

இதைவிடக் கடினமானது நடை மாறும் இடம். குத்துப்பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடையில் ஓடுகிறது; ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரியும். ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் எல்லாம் சதுஸ்ரம். ஒவ்வோர் அடியும் நான்காகப் பிரியும். இரண்டு பாட்டுக்கும் பி.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு, ஒரே எண்ணாக இருந்தாலும், ஒன்றன்மேல் மற்றொன்றை வைத்தால் டிரம்மின் ஹை-ஹாட் தட்டும் தப்பும் மோதிக்கொண்டு கேட்கவே முடியாதபடி ஆகிவிடும். மென்பொருளோ திஸ்ரப் பாட்டின் வேகத்தை ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டு பங்காகவோ தவறாகக் கணக்கிடுவதும் உண்டு. எனக்குப் பலன் தந்த வழியைச் சொல்கிறேன்: வெளியேறும் பாட்டில் வெறும் கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி மட்டும் கேட்கும் ஓர் இடத்தைத் தேடி, அதுவே திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போடுங்கள்; அதன் மேல்சுருதி ஒலிகளை, ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் முழுவதும் இறக்குங்கள்; தனி அடியாக நிற்கும் அந்தக் கிக்கின்மேல் குத்துத் தாளத்தை ஏற்றுங்கள், அது எந்த நடையோடும் இணங்கும்; இரண்டு தொகுதிகள் கழித்து லூப்பை எடுத்துவிடுங்கள். இரண்டு பாட்டிலும் பேஸ் ஒலி ஒரே நேரத்தில் இருக்கக் கூடாது, ஒன்றை இறக்கிய அதே அடியில் மற்றொன்றை ஏற்ற வேண்டும். கூட்டம் இதைக் கவனிக்காது, கவனிக்கவும் தேவையில்லை. ஆனால் மேடைக்கு அருகில் நிற்கும் இன்னொரு டிஜே கவனிப்பார், நிகழ்ச்சி முடிந்ததும் வந்து அதைப் பற்றிக் கேட்பார். நான் பெற்ற பாராட்டுகளில் எனக்கு மிகவும் இனியவை அந்தக் கேள்விகள்தாம்.

இனி, என்னைப் பல ஆண்டுகள் அரித்த ஒரு மனப்பான்மைக்கு வருகிறேன். எலக்ட்ரானிக் நடன இசையை மட்டும் இசைக்கிறவர் கலைஞர், கேட்ட பாட்டைப் போடுகிறவர் வேலைக்காரர் என்ற பிரிவு அது. வேலூரில் ஒரே இரவில் தெலுங்கு, இந்தி, பஞ்சாபி, தமிழ் நான்கையும் கோர்க்க வேண்டியிருக்கும். சித்தூர் எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, காட்பாடியின் கல்லூரிக்கு நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். ஒரு பாட்டின் முதல் இரண்டு நொடிகளில் அரங்கின் இடது மூலை துள்ளினால் அங்கே தெலுங்குக் குடும்பம் நிற்கிறது என்று அறிந்து, மற்ற மூலைகள் உட்காருவதற்குள் அவர்களையும் அழைத்து வரும் பாட்டைத் தேடி எடுக்க வேண்டும். ஒரே வகை இசையை ஒரே வகைக் கூட்டத்துக்குத் தருவதைவிட இது எளிது என்று சொல்கிறவர், ஒரு மண்டபத்திலாவது நான்கு மணி நேரம் நின்று பார்க்கட்டும்.

நடன இசையே அப்படிப் புறந்தள்ளப்பட்டவர்களிடமிருந்துதான் வந்தது என்பதை நம் நண்பர்கள் பலர் அறிவதில்லை. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு இடையில், டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்ததால் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அந்தக் காலத்தில், அதே நகரத்தில், வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் 1977 முதல் இசைத்துக்கொண்டிருந்த ஃபிராங்கி நக்கிள்ஸ், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இனத் தன்பாலீர்ப்பாளர்கள் கூடிய ஓர் அரங்கில், டிஸ்கோவை விடாமல் நீட்டியும் வெட்டியும் டிரம் மெஷினோடு சேர்த்தும் ஹவுஸ் இசைக்கு வழி திறந்தார். வெளியுலகம் எரித்த இசையை உள்ளே காப்பாற்றியவர் அவர். 2004-இல் சிகாகோ நகரம் ஒரு தெருவுக்கு அவர் பெயரை வைத்தது. ஹவுஸ் இசைப்பவர் என்று பெருமை கொள்ளும் ஒருவர், பறையும் பம்பையும் சேர்ந்த பாட்டைத் தாழ்வாக நினைப்பாரானால், அவர் இசைக்கும் இசை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை என்றே சொல்வேன்.

நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. இந்திச் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982-இல், ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 ஆகிய மின்னணு இசைக்கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டாக வெளியிட்டார். அது பெரிதாக விற்கவில்லை. சிகாகோவில் அதே டிபி-303-ஐத் திருகி எடுத்த, ஆசிட் ஹவுஸ் என்ற ஹவுஸ் வகை இசைத்தட்டு 1987-இல் வெளிவந்து உலகை ஆட்டியது. சரண்ஜித் சிங்கின் தட்டு 2010-இல் மறுவெளியீடு கண்டபோதுதான், ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே அதே ஒலியை ஒருவர் தொட்டிருந்தார் என்று உலகம் வியந்தது. முதுமையில் அவர் வெளிநாட்டு மேடைகளில் அந்த இசையை நேரடியாக வாசித்து, 2015-இல் காலமானார். கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்கும் தூரத்தில்தான் இருந்தார்கள். கல்யாண வாத்தியக்காரர், சினிமா வாத்தியக்காரர் என்று ஒருவரை முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் அவர் என்ன செய்கிறார் என்று யாரும் காது கொடுப்பதில்லை.

தரவரிசைப் பட்டியல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பிரிட்டனின் டிஜே மேக் பத்திரிகை நடத்தும் முதல் நூறு டிஜேக்கள் பட்டியல் இன்று வாசகர் வாக்கெடுப்பால் முடிவாகிறது. மார்ட்டின் கேரிக்ஸ் 2016-இல் இருபது வயதில் அதில் முதலிடம் பெற்றார். டேவிட் குவேட்டா 2011-இல் முதன்முறையாகவும் பிறகு பலமுறையும் பெற்றிருக்கிறார். இவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண், எத்தனை பேர் ஒருவரை அறிந்து, விரும்பி, வாக்களிக்கச் சிரமம் எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் காட்டுகிறது. ஓர் அறையில் நூறு பேரை விடியும்வரை நிறுத்தி வைக்கும் ஆற்றலை அது அளப்பதில்லை. நம் ஊரில் அதன் சிறிய வடிவம் இன்ஸ்டாகிராம் எண்ணிக்கை. கலைவிழாக் குழு மாணவர்கள் எவ்வளவு ஃபாலோயர் என்று கேட்டுவிட்டுத்தான் கட்டணம் பேசுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களிடம் வேறு அளவுகோல் இல்லை. நாம்தான் கொடுக்க வேண்டும். ஒரு மணி நேர மிக்ஸ் ஒன்றை வெட்டி ஒட்டாமல் ஒரே மூச்சில் பதிவு செய்யுங்கள், எந்தக் கூட்டத்துக்காக அமைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள், பாட்டுகளின் பட்டியலை உரியவர் பெயர்களோடு சேர்த்துக் கொடுங்கள். அதைக் கேட்டுவிட்டு அழைத்த ஏற்பாட்டாளர்கள் எனக்கு உண்டு, அவர்கள் ஒரு முறையோடு நிறுத்தியதும் இல்லை.

பெரிய விருந்தினர் வருவதற்குமுன் மேடையைத் தயார் செய்யும் முதல் டிஜேயின் நிலைதான் எங்கள் தொழிலின் குணம் முழுமையாகத் தெரியும் இடம். ஒரு புத்தாண்டு நிகழ்ச்சியில், பெருநகரத்திலிருந்து வந்த ஒருவர், நான் கடைசிப் பாட்டில் இருந்தபோதே பின்னால் வந்து நின்று, வணக்கமும் சொல்லாமல், தன் உதவியாளரை விட்டு என் வயரைக் கழற்றச் சொன்னார். அரங்கம் இரண்டு நொடி ஊமையாகி, பிறகு அவருடைய பாட்டு வெடித்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. போஸ்டரில் என் பெயர் இல்லை, மேடையிலும் சொல்லப்படவில்லை. வேறோர் ஆண்டு, வேறோர் இடத்தில், அவரைவிடப் பலமடங்கு பெயர் பெற்ற ஒரு கலைஞர் அரைமணி நேரம் முன்னதாகவே வந்து, என் பக்கத்தில் நின்று கேட்டு, “கடைசியா எந்தப் பாட்டுல முடிக்கிறீங்க? அதிலிருந்தே நான் எடுத்துக்கிறேன்” என்றார். என் பாட்டின் முடிவில் அவர் தன் முதல் பாட்டைக் கலந்தார், கூட்டம் ஆட்டத்தை நிறுத்தவே இல்லை. மைக்கை எடுத்து என் பெயரையும் வேலூர் என்ற ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தின் பயனாக எனக்கு அடுத்தடுத்து வந்த வேலைகளை நான் மறக்கவில்லை.

முதலில் இசைப்பவர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியவையும் உண்டு, அவற்றைச் சரியாகச் செய்தபின்தான் மரியாதையைக் கேட்க முடியும். வருகிற விருந்தினர் எந்த வேகத்தில் தொடங்குவார் என்று முன்பே விசாரியுங்கள். அவர் 126 அல்லது 128 பி.பி.எம். வேகத்தில் தொடங்குவாரானால், நீங்கள் 112 அல்லது 115-இல் ஆரம்பித்து, அரைமணிக்கு ஒரு சில எண்களாக ஏற்றி, அவர் எண்ணுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். அவருடைய சொந்தப் பாட்டுகளையும் அந்த வாரத்தின் மிகப் பெரிய வெற்றிப் பாட்டையும் தொடாதீர்கள். மிக்ஸரின் விளக்குச் சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் நேரத்திலேயே ஒலி உச்சத்தைத் தொட்டுவிட்டால் அவருக்கு ஏற இடமிருக்காது, சவுண்ட் இன்ஜினியர் மொத்தத்தையும் குறைத்துவிடுவார், பிறகு எல்லோருக்கும் கெடும். கடைசிப் பாட்டு நீண்ட தாளப்பகுதியோடு முடியட்டும். உங்கள் சேனலின் ஒலி முழுவதும் இறங்கியபின்தான் பென் டிரைவை எடுக்க வேண்டும். கருவிகளை ஒப்படைத்தபின் உடனே ஓடிவிடாமல், முதல் இரண்டு பாட்டு வரை பக்கத்தில் நில்லுங்கள். அவருக்கு மானிட்டரில், அதாவது டிஜே கேட்பதற்கென்று மேடையில் வைக்கும் ஸ்பீக்கரில், ஏதேனும் குறை இருந்தால் அந்த மேடையை அறிந்தவர் நீங்கள்தான். கூட்டம் காலியாக இருக்கும் நேரத்தில் இசைப்பதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். நிறைந்த அரங்கை ஆட வைக்கப் பாட்டே போதும், சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பத்தான் டிஜே வேண்டும்.

பெண்கள் இந்தத் தொழிலில் சந்திப்பதைத் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு தங்கை, நான் அறிந்தவரை நடைமாற்றங்களை எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாகச் செய்கிறவர். நிகழ்ச்சி முடிந்ததும் அவரிடம் “லிஸ்ட் யாரும்மா போட்டுக் கொடுத்தாங்க?” என்று கேட்கிறார்கள். எங்களில் யாரிடமும் அந்தக் கேள்வி வந்ததில்லை. அவர் இசைத்துக்கொண்டிருக்கும்போதே, அனுமதி கேளாமல் மிக்ஸரில் கைவைத்து ஈக்யூ திருத்தும் ஒலிக்காரர்கள் இருக்கிறார்கள். அவரே இதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டார்: கருவி பொருத்தும் நேரத்திலேயே ஒலிக்காரரின் பெயரைக் கேட்டு, ஒலி அளவை அவரோடு சேர்ந்து சரிபார்த்து, “மேடை மிக்ஸர் என் பொறுப்பு அண்ணா, வெளி ஸ்பீக்கர் உங்க பொறுப்பு, மாத்தணும்னா சைகை காட்டுங்க” என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறார். இந்த முறை ஆண்களான எங்களுக்கும் நல்லது என்று நாங்களும் எடுத்துக்கொண்டோம், அவரிடமிருந்து கற்றது என்று சொல்லியே எடுத்துக்கொண்டோம்.

எலக்ட்ரானிக் இசையில் பெண்களுக்குப் பெயர் தர மறுக்கும் இந்த வழக்கம் மிகப் பழையது. 1963-இல் பிபிசியின் ஒலிப் பிரிவான ரேடியோஃபோனிக் ஒர்க்‌ஷாப்பில் டீலியா டெர்பிஷயர் என்ற பெண், மின்னணு ஒலி எழுப்பும் சின்தசைஸர் கருவி கடைக்கு வராத காலத்தில், ஒலிநாடாவைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் தொடக்க இசையை உருவாக்கினார். மெட்டமைத்த ரான் கிரெய்னர் அவரையும் இணை இசையமைப்பாளராகச் சேர்க்க விரும்பியும் நிறுவன விதி இடந்தரவில்லை. திரையில் அவர் பெயர் முதன்முறையாக வந்தது தொடரின் ஐம்பதாம் ஆண்டான 2013-இல். அவர் இறந்தது 2001-இல்.

பெயர் விடுபடுவதில் எங்கள் பங்கும் இருக்கிறது. வட ஆற்காட்டுப் பக்கத்து அம்மன் விழாக்களில் பம்பை, உடுக்கை, சிலம்பு இல்லாமல் சாமி இறங்காது. அந்த ஒலியை அலைபேசியில் பதிவு செய்து, துண்டாக்கி, ஹவுஸ் தாளத்தின்மேல் ஏற்றி, “என் புது டிராக்” என்று வெளியிடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நாங்கள் சிலர் வேறு முறையைப் பின்பற்றுகிறோம். பம்பைக் கலைஞரை ஓர் அறைக்கு அழைத்து, நாள் கூலியைப் பேசிக் கொடுத்து, நல்ல மைக் வைத்துப் பதிவு செய்கிறோம். அவர் வேகத்துக்குத் தாள அளவு தட்டும் மெட்ரோனோம் பணிய வேண்டுமா, மெட்ரோனோமுக்கு அவர் பணிய வேண்டுமா என்பதை அவரோடு பேசி முடிவு செய்கிறோம். வெளியிடும்போது அவர் பெயரை எங்கள் பெயருக்குப் பக்கத்தில், அதே வரியில் போடுகிறோம். சட்டமும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 38பி பிரிவு, தன் நிகழ்த்துதலுக்குத் தானே உரியவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையை வாசித்த கலைஞருக்கும் தருகிறது. கல்யாணத்தில் பாட்டுப் போடுவதற்கு உரிமம் வேண்டுமா என்ற பயம் பலருக்கு இருக்கிறது. திருமண ஊர்வலத்தையும் திருமணத்தை ஒட்டிய விழாக்களையும் அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கியிருக்கிறது. டிக்கெட் வைத்து நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது. உரிமம் யார் பெயரில் வாங்கப்பட்டது என்று ஏற்பாட்டாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

காதுகளைப் பற்றி ஒரு வார்த்தை. சத்தத்தைத் தாங்குவதை வீரமாக நினைக்கும் மனப்பான்மையும் எங்களிடம் உண்டு. காதடைப்பான் வைத்துக்கொள்கிறவரைக் கேலி செய்கிறார்கள். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனமான நயோஷின் வரம்பு. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். மண்டபத்தின் சப்வூஃபர் பக்கத்தில் ஓர் இரவு முழுக்க நிற்கிறவர் என்ன இழக்கிறார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மானிட்டரைக் குறைத்து வையுங்கள், இசைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பானை வாங்குங்கள். இரவு பத்து மணிக்குமேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. ஒன்பதரைக்கே வேகத்தை இறக்கத் தொடங்கினால் காவலர் வந்து நிறுத்தும் அவமானம் மேடைக்கு நேராது.

இப்போது நான் நிகழ்ச்சியை ஒப்புக்கொள்ளும்போது ஒரு பக்கத் தாளில் சிலவற்றை எழுதி ஏற்பாட்டாளரிடம் கையெழுத்து வாங்குகிறேன். பாதிப் பணம் முன்பணமாக வர வேண்டும். என் நேரம் எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது. போஸ்டரிலும் பேனரிலும் இசைக்கும் எல்லோருடைய பெயரும், எழுத்து சிறிதாக இருந்தாலும், இடம்பெற வேண்டும். தொகுப்பாளர் சவுண்ட் இன்ஜினியரின் பெயரையும் மேடையில் சொல்ல வேண்டும். நான் விருந்தினராகப் போகும் இடத்தில் எனக்குமுன் இசைப்பவருக்கு முழுதாக ஒரு மணி நேரமாவது தர வேண்டும். தொடக்கத்தில் சிலர் இதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். பெயர் போடுவதற்குச் செலவில்லை என்று புரிந்தபின் இப்போது பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். பம்பைக்காரர்கள் எங்களோடு வாசிக்கும் நாட்களில் மட்டும் இன்னொரு வரியைச் சேர்க்கிறேன்: அவர்களுடைய கூலியை நிகழ்ச்சி முடியும் வரை நிறுத்தி வைக்காமல், வாசித்து முடித்தவுடன் கையில் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அவர்கள் கடைசிப் பேருந்தைப் பிடித்து ஊருக்குப் போக வேண்டியவர்கள்.